மிதவை விழித்திருக்கிறது என்று நாம் தூங்கலாமா?



அண்மையில் ஜாசின் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தம்பிகள் சிலர் என்னைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்துப் பிடித்துக் கொண்டார்கள். தேநீர் வருவதற்குள் ஒரு தம்பி கேட்டார்:

"அண்ணே, பாய்லருக்கு ஆட்டோமேட்டிக்கா தண்ணி போற மாதிரி புதுசா மிதவை போட்டுட்டாங்க. இனிமே ராத்திரி ஷிப்டுக்கு ஓர் ஆள் போதும்னு சொல்றாங்க. அந்த ஓர் ஆளும் பாய்லரையும் பாக்கணும், ரேம்ப்புல போய்க் குலையும் தள்ளணுமாம். இது நியாயமா?"

நல்ல கேள்வி. தோட்டத்திலும் ஆலையிலும் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆகவே இந்த வாரம் சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சின்ன மிதவையைப் பற்றி எழுதுகிறேன். என்னடா இது, சங்கத்துக்காரன் என்ஜினியர் வேலை பார்க்கிறானே என்று நினைக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் பாய்லர் முன்னால் வெந்தவன்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தோடு என் தமிழ்ப் படிப்பு முடிந்தது. மற்றதையெல்லாம் நெருப்பு கற்றுக் கொடுத்தது.

மிதவை என்ன செய்கிறது?

உங்கள் வீட்டுக் கக்கூஸ் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கும், குழாய் திறக்கும். தண்ணீர் ஏறினால் பந்தும் ஏறும், குழாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து லயத்துத் தண்ணீர்த் தொட்டிகளிலும் இதே பந்துதான் இருந்தது.

பாய்லரிலும் இதே கதைதான். நீராவி உருளையின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கூடு. அதன் மேல் குழாய் நீராவிப் பக்கம் சேரும்; கீழ்க் குழாய் தண்ணீர்ப் பக்கம் சேரும். ஆகவே உருளைக்குள் எவ்வளவு உயரத்தில் தண்ணீர் நிற்கிறதோ, கூட்டுக்குள்ளும் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். அதில் மிதவை மிதக்கும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி, ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு, பம்பை ஓட வைக்கும். போதுமான அளவு ஏறியதும் பம்பை நிறுத்திவிடும். இன்னும் கீழே இறங்கினால் மணி அடிக்கும். அதற்கும் கீழே போனால் தீயை நிறுத்தச் சொல்லும்.

இது நல்ல கருவியா என்றால், நல்ல கருவிதான். சந்தேகமே இல்லை. நம் அப்பன் பாட்டன் காலத்தில் ஓர் ஆள் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பார்த்து, வால்வைக் கையால் திருகித் திருகித் தண்ணீர் விட வேண்டும். எட்டு மணி நேரம் கண் இமைக்கக் கூடாது. மனிதனுக்கு அது முடிகிற காரியமா? கண் அசரும், வயிறு கலக்கும், வீட்டுக் கவலை வரும். மிதவைக்கு அதெல்லாம் இல்லை. ஆகவே மிதவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்

மிதவையால் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் யோசனை மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குள், எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நகரில் தெசிபியஸ் என்பவர் தண்ணீர்க் கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தினார் என்று சொல்கிறார்கள். பாய்லருக்கு அதைக் கொண்டு வந்தவர்களில் முன்னோடிகள் இருவர்.

ஒருவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலைச் சக்கரம் பழுது பார்க்கும் தச்சனிடம் தொழில் பழகியவர். எழுதப் படிக்கவே சிரமப்பட்டவர். பிற்காலத்தில் பெரிய கால்வாய்களை வெட்டிப் புகழ் பெற்றார். 1758-ல் அவர் எடுத்த நீராவி இயந்திர உரிமத்தில் பாய்லருக்கு மிதவையால் தண்ணீர் விடும் முறை இருந்தது.

இன்னொருவர் ருஷ்ய நாட்டின் இவான் பொல்சுனோவ். ஒரு சாதாரணப் போர்வீரனின் மகன். சைபீரியாவில் பர்னவுல் என்ற சுரங்க ஊரில் வேலை பார்த்தவர். 1765-ல் அவர் கட்டிய நீராவி இயந்திரத்தின் பாய்லரில் மிதவை வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்தினார். அந்த இயந்திரம் வேலை செய்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1766-ல், அது ஓடத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, காசநோயால் இறந்து போனார். சில மாதங்கள் ஓடிய பிறகு பாய்லர் ஒழுகத் தொடங்கியது. அப்படியே கைவிட்டு விட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? கருவி என்றால் அது துரைமார்களின் சொத்து, நமக்குப் புரியாது என்று ஒதுங்கி நிற்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் போக வேண்டும். எழுதத் தெரியாத தச்சனும் சிப்பாய் மகனும் யோசித்துச் செய்த கருவி இது. பால்மரம் வெட்டியவன் மகனுக்கும் குலை வெட்டுபவன் மகனுக்கும் இது புரியாமல் போகுமா?

தண்ணீர் குறைந்தால் என்ன கெட்டுப் போகும்?

அடுப்பில் பானை வைக்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை பானைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் வற்றினால் அடிப்பிடிக்கும். பிறகு பானையே போய்விடும்.

பாய்லரிலும் இரும்பைக் காப்பாற்றுவது தண்ணீர்தான். நம் செம்பனை ஆலைகளில் பாய்லர் சுமார் 20 பார் அழுத்தத்தில், பழைய கணக்கில் ஏறக்குறைய 300 பவுண்டு அழுத்தத்தில் ஓடுவது வழக்கம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 210 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். சூளைக்குள் இருக்கும் சூடோ அதைப் போல் பல மடங்கு. குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இரும்பு அந்தச் சூட்டைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத இடத்தில் இரும்பு சிவக்கும், இளகும், வீங்கும், கிழியும்.

கிழிந்தால் வெறும் ஒழுகல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு படி தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1,600 படி இடத்தைப் பிடிக்கும். 210 டிகிரியில் அடைபட்டுக் கிடக்கும் டன் கணக்கான தண்ணீருக்குத் திடீரென்று வாசல் திறந்தால், அதில் ஒரு பகுதி கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகப் பொங்கும். செங்கல் சுவர், கூரைத் தகரம், பக்கத்தில் நின்ற மனிதன், எதுவும் தப்பாது.

1865-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி நதியில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1905-ல் அதே நாட்டில் பிராக்டன் என்ற ஊரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பாய்லருக்குக் கடுமையான சட்டம் வந்தது. பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-லும் ஜூலை 1-லும், இரண்டே மாத இடைவெளியில், பாய்லர் பகுதியில் இரண்டு வெடிப்புகள் நடந்து நம் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். அது பிரம்மாண்டமான நிலையம். அங்கே கருவிக்கும் குறைவில்லை. கருவி இருக்கிறது என்பதால் மட்டும் ஆபத்து ஓடிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

துரியான் துங்கால் கற்றுக் கொடுத்த பாடம்

மலாக்காக்காரர்களுக்கு 1991 மறந்திருக்காது. துரியான் துங்கால் அணை வறண்டு வெடிப்பு விட்டுக் கிடந்தது. மாநிலம் முழுவதும் தண்ணீருக்குப் பங்கீடு. அப்போது நான் சிறு பையன். எங்கள் லயத்துப் பின்னால் இருந்த தொட்டியில் ஏறி எட்டிப் பார்த்தேன். பந்து அடிவரை தொங்கிக்கொண்டு கிடந்தது. குழாய் முழுக்கத் திறந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏம்மா, பந்துதான் தொறந்து விட்டிருக்கே, தண்ணி ஏன் வரலை?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பந்து வாசலைத்தாண்டா தொறக்கும். வீட்டுக்குள்ள அரிசி இல்லைன்னா வாசலைத் தொறந்து என்ன பிரயோசனம்?" என்றார்.

எந்த என்ஜினியரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மிதவை கட்டளை கொடுக்கும், தண்ணீரைப் படைக்காது. பம்பு பழுதானால், தண்ணீர்த் தொட்டி வற்றினால், குழாயில் அடைப்பு ஏற்பட்டால், கரண்டு போனால், மிதவை அதன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுச் சும்மா தொங்கும். அந்த நேரத்தில் ஓடி வந்து என்ன ஏது என்று பார்க்க ஒரு மனிதன் வேண்டும்.

நான் கண்ட ஓர் இரவு

இனி என் சொந்தக் கதை. பெயரும் ஊரும் வேண்டாம். 1999-ல் மலாக்கா மாநிலத்தில் ஓர் ஆலையில் பாய்லர் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். இருபது வயது. எனக்கு மேலே பாய்லர்மேனாக ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் தோட்டத்துக்காரர், முறைக்கு எனக்குப் பெரியப்பா.

மிதவைக் கூட்டின் அடியில் ஒரு வடிகால் வால்வு உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் அதைத் திறந்து, அடியில் தங்கும் சேற்றையும் உப்பையும் நீராவி வேகத்திலேயே வெளியே தள்ள வேண்டும். கண்ணாடிக் குழாய்க்கும் அப்படியே. செய்யாவிட்டால் கீழ்க் குழாய் அடைபடும். உருளையில் தண்ணீர் இறங்கினாலும் கூட்டுக்குள் பழைய தண்ணீரே நிற்கும். மிதவையும் மேலேயே நிற்கும். பம்பு ஓடாது. மணியும் அடிக்காது.

அது குலை குவிந்த காலம். வெளியே லோரிகள் வரிசை பிடித்து நின்றன. "சும்மா சும்மா சுடுதண்ணியைத் திறந்து விடாதீங்க, ஸ்டீம் இறங்குது" என்று மேலே இருந்தவர்களின் நச்சரிப்பு. போதாக்குறைக்கு, தண்ணீர் குறைந்தால் அடிக்கும் மணி அடிக்கடி தொல்லை கொடுக்கிறது என்று, யாரோ அதன் வயரைக் குறுக்கே இணைத்து ஊமையாக்கி விட்டிருந்தார்கள். இரண்டு கண்ணாடிகளில் ஒன்று உடைந்து, மாற்றுக் கண்ணாடி வரவில்லை என்று மூடிக் கிடந்தது. என் பங்குக்கு நானும் ஒரு குற்றம் செய்தேன். மூன்று நாளாக வடிகாலைத் திறக்காமலே, பதிவுப் புத்தகத்தில் "செய்தாயிற்று" என்று கையெழுத்துப் போட்டு வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். பெரியப்பா கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தார். பாதி உயரத்தில் தண்ணீர் நின்றது. எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது.

"டேய் தம்பி, தண்ணி அசையலையே பாத்தியா?"

"சரியாத்தானே நிக்குது பெரியப்பா?"

"உசிரோட இருக்கிற பாய்லர்ல தண்ணி இப்படி நிக்காதுடா. நடுங்கிக்கிட்டே இருக்கும். இது செத்த தண்ணி."

கண்ணாடியின் வடிகாலைத் திறந்தார். தண்ணீர் வெளியேறியது. மூடினார். தண்ணீர் திரும்பி வரவில்லை. அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். பதறிப்போய் நான் பம்பு சுவிட்சை நோக்கி ஓடினேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பம்பைத் தொடாதே! காய்ஞ்ச இரும்புல தண்ணியை ஊத்திக் கொல்லப் போறியா?"

நார் போகும் பாதையை நிறுத்தினார். காற்றாடிகளை நிறுத்தினார். அங்கிருந்த எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கடைசியாகத்தான் அவர் வெளியே வந்தார். பாய்லர் தானாக ஆறும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு திறந்து பார்த்தபோது சில குழாய்கள் வளைந்து தொங்கியிருந்தன. கிழியவில்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? உற்பத்தியை அனுமதி இல்லாமல் நிறுத்தினார் என்று எச்சரிக்கைக் கடிதம்! தோட்டத்துச் சங்கக் கிளை அதை விடவில்லை. மூடிக்கிடந்த கண்ணாடியும் ஊமையாக்கிய மணியும் விசாரணையில் வெளிவந்தன. கள்ளக் கையெழுத்துப் போட்ட நானும் போய் உண்மையைச் சொன்னேன். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. நான் சங்கத்துக்குள் வந்த வாசல் அதுதான்.

மிதவை ஏமாறும் இடங்கள்

சேறு அடைத்தால் மட்டும்தான் மிதவை ஏமாறும் என்று நினைக்க வேண்டாம். நல்ல சுத்தமான மிதவையும் நம் ஆலைகளில் ஏமாறும். எப்படி?

பழம் அவிக்கும் ஸ்டெரிலைசரைத் திறந்து ஒரேயடியாக நீராவி விடும்போது பாய்லரின் அழுத்தம் திடீரென்று விழும். அழுத்தம் விழுந்தால் தண்ணீருக்குள் குமிழிகள் பெருகும். பால் பொங்குவதைப் போலத் தண்ணீர் பொங்கி உயரும். உண்மையில் பாய்லரில் தண்ணீர் குறைந்துகொண்டு போகிறது. மிதவையின் கண்ணுக்கோ கூடியதாகத் தெரிகிறது. உடனே பம்பை நிறுத்திவிடும்! அதிகமாகத் தண்ணீர் வேண்டிய அதே நேரத்தில் தண்ணீரை நிறுத்தும். ஸ்டெரிலைசரை மூடியதும் பொங்கிய தண்ணீர் சட்டென்று அடங்கிக் கீழே போய்விடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தண்ணீர் மட்டத்தோடு, வெளியே போகும் நீராவி எவ்வளவு, உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கருவிகள் பெரிய பாய்லர்களில் உண்டு. ஆனால் தனி மிதவைக்கு இந்த மூன்று கண்ணும் கிடையாது. ஸ்டெரிலைசர் பக்கம் மணி அடித்ததும், "இப்போ பொங்கும், ஏமாறாதே" என்று தெரிந்து நிற்கும் பாய்லர்மேன்தான் அங்கே இரண்டாவது கண்ணும் மூன்றாவது கண்ணும்.

தண்ணீர் அளவுக்கு மீறினாலும் கேடுதான். நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து போய் டர்பைனை அடித்து நொறுக்கும்.

இன்னொரு விஷயம், நம் ஆலைகளுக்கென்றே உள்ள விஷயம். எண்ணெய் எரிக்கும் பாய்லரில் தண்ணீர் குறைந்தால் மிதவை சுவிட்சைத் தட்டும், எண்ணெய் நிற்கும், தீ அணையும். நாம் எரிப்பதோ செம்பனை நாரும் ஓடும். சுவிட்சைத் தட்டினால் காற்றாடி நிற்கும், புதிய நார் விழுவது நிற்கும். ஏற்கெனவே சூளைக்குள் மலைபோல் கிடந்து எரியும் தணல் என்ன ஆகும்? "மிதவை ஐயா சொல்லிவிட்டார், அணைந்து விடுவோம்" என்று அணையுமா? அது தன் பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்தத் தணலைப் பார்க்க அங்கே ஆள் இருக்க வேண்டும்; அதுவும் தொழில் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். ரேம்ப்பில் குலை தள்ளிக்கொண்டிருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்?

நிர்வாகம் கேட்கும் கேள்வி

"சங்கத்துக்காரர்கள் எந்த இயந்திரம் வந்தாலும் எதிர்ப்பீர்கள். உங்கள் ஆள் ராத்திரியில் தூங்குவதில்லையா? பொய்க் கையெழுத்துப் போடுவதில்லையா?" என்று கேட்பார்கள்.

தூங்குவது உண்டு. பொய்க் கையெழுத்து உண்டு. நானே போட்டிருக்கிறேன், மேலே எழுதிவிட்டேன். அதனால்தான் மிதவை வேண்டும் என்கிறேன். மனிதன் தவறும் இடத்தில் மிதவை பிடிக்கும். மிதவை தவறும் இடத்தில் மனிதன் பிடிப்பான். இரண்டு கை தட்டினால்தான் ஓசை. ஒரு கையை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள கைக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டு, அதற்குப் "பாதுகாப்பு" என்று பெயர் வைத்தால் யார் ஒப்புக்கொள்வது?

மிதவை வந்ததால் மிச்சமாகும் நேரத்தைப் பாய்லர்மேன் எதற்குச் செலவிட வேண்டும்? மிதவையையே சோதித்துப் பார்ப்பதற்கு, தண்ணீரின் தரத்தைப் பார்ப்பதற்கு, கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்கு. அந்த நேரத்தைத் திருடி வேறு வேலைக்கு விற்றால், மிதவை போட்டதன் பலன் முழுவதும் கணக்குப் புத்தகத்துக்குப் போகும்; ஆபத்து முழுவதும் பாய்லர் முன்னால் நிற்பவன் தலையில் விழும்.

சட்டம் நம் பக்கம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வேலைப் பாதுகாப்புக்கு வந்த மிகப் பழைய சட்டங்களில் பாய்லர் சட்டமும் ஒன்று. சிலாங்கூரில் 1892-லேயே வந்துவிட்டது. வெள்ளைக்காரனே பயந்து சட்டம் போட்ட பொருள் அது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நெடுங்காலம் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நடப்பில் இருந்தது. 2024 ஜூன் 1-ல் அது ரத்தாகி, 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தங்களோடு விரிவானது. பாய்லருக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்பதும், தகுதி பெற்ற ஆள்தான் அதை நடத்த வேண்டும் என்பதும் பழைய சட்டம் போனதோடு போய்விடவில்லை.

அந்தத் திருத்தத்தில் நாம் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதைச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. 1999-ல் என் பெரியப்பாவுக்கு இந்தச் சட்டம் இல்லை. இன்று உங்களுக்கு இருக்கிறது. பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு அபராதமும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். உங்கள் ஆலையின் குழுவில் தொழிலாளர் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு ஷிப்டிலும் மிதவைக் கூட்டையும் கண்ணாடிகளையும் ஊதித் தள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கிறதா என்று முறைப்படி சோதியுங்கள். செய்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "நேரம் இல்லை" என்றால், நேரம் இல்லை என்றே புத்தகத்தில் எழுதுங்கள். உண்மையாக எழுதிய ஒரு வரி விசாரணையில் பத்துச் சாட்சிக்குச் சமம்.

இரண்டாவது, மணியை ஊமையாக்கும் வயர் எங்கே கண்டாலும் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய் வார்த்தை காற்றோடு போய்விடும்.

மூன்றாவது, பாய்லரைப் பார்ப்பவருக்கு பாய்லர்தான் வேலை. ரேம்ப்பும் பாய்லரும் ஒருவரிடம் என்ற பேச்சுக்குத் தனி ஒருவராகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

நான்காவது, பக்கத்தில் நிற்பவர் வங்காளதேசியோ, நேப்பாளியோ, இந்தோனேசியரோ, அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வெடிக்கிற பாய்லர் பாஸ்போர்ட்டைப் பார்த்து வெடிக்காது. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் மொழி தெரியாமல் இந்த மண்ணில் இறங்கியவர்கள்தான்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பிள்ளைகளைப் பாய்லர்ச் சான்றிதழுக்குப் படிக்க வையுங்கள். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டாரே, அன்று முதல் மலாக்காத் தோட்டங்கள் நம் வியர்வையைக் குடித்து வளர்ந்தவை. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் போனாலும் கையில் இருக்கும் சான்றிதழ் போகாது. பாய்லர் செம்பனை ஆலையில் மட்டுமா இருக்கிறது? கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறது, உணவுத் தொழிற்சாலையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளத்திலேயே காலம் முழுவதும் நிற்பதா, தொழில் கற்று அதற்கு மேலே ஏறுவதா என்று பிள்ளைகளிடம் வீட்டில் பேசுங்கள். தமிழில் விளங்கிக்கொண்டு மலாயில் பரீட்சை எழுத உதவும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நம் கிளைகளே நடத்தலாம். ஓய்வு பெற்ற பாய்லர்மேன்கள் பல ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மூளையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை அவர்களோடு சுடுகாட்டுக்குப் போக விடாதீர்கள்.

என் பெரியப்பா சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது வீட்டில் யாரோ புதிய தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். எழுந்து நடக்கவே முடியாதவர் என்னிடம் கேட்டார்: "மேல ஏறிப் பந்து சரியா ஆடுதான்னு பாத்தியாடா?"

ஏறிப் பார்த்தேன். சரியாகத்தான் ஆடியது. இருந்தாலும் ஒரு தடவை கையால் அமுக்கி, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜாசின் தம்பிகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மிதவையை வரவேற்போம். மிதவைக்குக் காவலாக நிற்கும் மனிதனை விட்டுக்கொடுக்க மாட்டோம். கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது பாய்லரின் பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.